தலைசுற்றலுக்கு ஒரு மஞ்சள் கோடு

தலைசுற்றல் என்ற சொல்லை யாராவது அலட்சியமாகச் சொல்லக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தக்காளி விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது என்கிறார்கள். பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புழங்கப் புழங்கச் சொற்கள் தேய்வது இயல்பு. ஆனால் ஒரு சொல் முற்றாகத் தேய்ந்துபோய், அதற்கு உண்மையிலேயே உரியவள் வாய்திறந்து அதைச் சொன்னபோது எவரும் நம்பாமற்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைத் தேய்த்தவர்கள் யார், தேய்க்கும்படி அவர்களை நெருக்கியவர் யார் என்பதையும் பார்த்தேன். என் கோபம் நெருக்கியவர் மீது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு, ஓசூர் சாலையோரம் இருந்த ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்தேன். அந்தப் பதவி தொழிலாளர்களுக்காக உண்டானது என்று நம்பிக்கொண்டுதான் ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பேருந்து மாறி முதல் நாள் போனேன். சட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது; வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்குபவர்கள் சுற்றிப்பார்க்க வரும்போது காட்டுவதற்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒரு மேசை, ஒரு முதலுதவிப் பெட்டி, ரெக்ஸின் விரித்த ஒரு கட்டில் ஆகியவற்றோடு நானும் அந்தச் சிறிய அறையில் வைக்கப்பட்டேன். அறைக்குச் சிக் ரூம் என்று பெயர். சாவி என்னிடம் இருந்தது. யாரை உள்ளே விடுவது என்ற அதிகாரம் மட்டும் என்னிடம் இல்லை.

அந்த அதிகாரம் தையல் தளத்தின் பொறுப்பாளரிடம் இருந்தது. தொழிலாளர்களுக்கு அவர் ‘ஃப்ளோர் சார்’. தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, கட்டிங் பிரிவில் துணி விரிக்கும் ஆளாக நுழைந்து, தன் முயற்சியால் மேலே வந்தவர். அதை ஒரு நாளும் மறக்காதவர். பிறரை மறக்க விடாதவரும்கூட. தளத்தில் வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள். ஈஜிபுராவிலிருந்தும் சந்தாபுராவிலிருந்தும் வரும் பெண்கள்தான் பெரும்பாலோர். ஒரே வாக்கியத்துக்குள் தமிழும் கன்னடமும் உருதுவும் புகுந்து வெளியேறும் பேச்சு, இயந்திர இரைச்சலுக்கு மேலாக எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு, சட்டை வாங்குபவர்கள் தளத்தில் நடந்து வந்துகொண்டிருந்த வேளையில், பட்டன் வைக்கும் பெண் ஒருத்தி கண் இருண்டு இயந்திரத்தின் மீதே சாய்ந்திருக்கிறாள். ஊசி விரலில் ஏறியதை விருந்தினர்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாளே ஒரு விதி பிறந்தது: தலை சுற்றுகிறது என்று சொல்பவளைச் சிக் ரூமில் சற்று நேரம் படுக்க விடலாம். அந்த ஒன்றுக்கு மட்டுமே அனுமதி. காய்ச்சல், வயிற்று வலி, மாதவிலக்கு, இடுப்புக் கடுப்பு, வீட்டில் அடிவாங்கி வந்த உடம்பு ஆகிய எதற்கும் அந்தக் கதவு திறக்காது. காய்ச்சல் வந்தவள் விருந்தினர் முன்னால் விழமாட்டாள் என்பது ஃப்ளோர் சாருடைய கணக்கு.

நான் சேர்ந்தபோது அந்தத் தளத்தில் எல்லா நோய்க்கும் பெயர் தலைசுற்றலாகியிருந்தது. சிலர் ‘சக்கர்’ என்பார்கள், சிலர் ‘தலெ சுத்து’ என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் ‘கிட்டினெஸ்’ என்பார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருபவளும் தலை சுற்றுகிறது என்பாள். அழுது வீங்கிய கண்ணோடு வருபவளும் அதையே சொல்வாள். கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உண்மை தெரியவரும். ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை இயந்திரங்களுக்கு, ஒரே ஒரு கழிப்பறை டோக்கன். அது சூப்பர்வைசர் மேசையில் ஓர் ஆணியில் தொங்கும். அதைக் கேட்டுப் பேச்சு வாங்க அஞ்சி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் தைப்பவர்கள் பலர். விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு, தான் உண்ண நேரமில்லாமல் பேருந்து ஏறியவர்கள் இன்னும் பலர். அவர்களுக்கு வருவது மயக்கம். கண் இருட்டும், காது அடைக்கும், கால் துவளும். உலகம் நின்ற இடத்தில் நிற்கும். நாம்தான் அதிலிருந்து நழுவிப் போவோம். தலைசுற்றல் அப்படியன்று. அதில் நினைவு முழுதாக இருக்கும், உட்கார்ந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்போம். உலகம்தான் இடம்பெயர்ந்து ஓடும். இந்த வேறுபாடு எனக்கும் அப்போது தெளிவாகத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை. மயக்கம் என்று சரியாகச் சொன்னவளைச் சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தவறான சொல்லைச் சொன்னவளுக்குத்தான் கட்டில்.

ஃப்ளோர் சாருக்கு இது புரியாமலில்லை.

“இன்னா மேடம், உங்க ரூமுல இன்னைக்கு எத்தன பேருக்கு பூமி சுத்துது? நமக்கெல்லாம் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தும் தெரியல, இவளுங்களுக்குக் கண்ணாலயே தெரியுது” என்பார், எல்லோருக்கும் கேட்கும்படி.

“தண்ணி குடிக்க விடுங்க சார். பாதி பேருக்கு நின்னுடும்” என்றேன் ஒரு முறை.

“தண்ணி குடிச்சா டாய்லெட்டு. டாய்லெட்டு போனா டார்கெட்டு போச்சு. டார்கெட்டு போனா உங்க வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. யோசிச்சுப் பேசுங்க மேடம், எம்ஏ படிச்சிருக்கீங்க.”

அவர் கண்டுபிடித்த தீர்வு தளத்தின் நடுவே ஓடிய மஞ்சள் கோடு. தீப்பிடித்தால் வெளியேறும் வழியைக் காட்டுவதற்காக, சட்டை வாங்குபவர்கள் கேட்டுக்கொண்டபடி, தரையில் வரைந்தது. தலை சுற்றுகிறது என்று எழுந்திருப்பவள் இனி அந்தக் கோட்டின் மீது ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நடந்துகாட்ட வேண்டும். தடுமாறினால் சிக் ரூம். நேராக நடந்தால் நடிப்பு. இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனைப் போலீஸ்காரர் இப்படித்தான் சோதிப்பார் என்று எங்கோ பார்த்திருந்தார். ஓர் உயிரைக் காக்க வரைந்த கோட்டைக் கொண்டு பெண்களைப் பிடிப்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

பெண்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். துணியின் விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் இருந்த சந்தாபுராப் பெண், வாயும் உடம்பும் ஒரே வேகத்தில் ஓடுபவள், சாப்பாட்டு வேளையில் பாடம் நடத்தினாள். காலியான மேசைகளுக்கிடையே டிஃபன் பாக்ஸை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து காட்டுவாள்.

“எடுத்ததுமே ஆடாதடி. குடிச்சவ மாதிரி இருக்கும். மொதல்ல கொஞ்சம் நேரா போ. சார் மூஞ்சில ஒரு சிரிப்பு வரும் பாரு, மாட்டினாடான்னு. அப்ப செவுத்த தேடு.”

“கண்ண மூடணுமாக்கா?”

“பாதி. முழுசா மூடுனா சினிமா. அப்புறம் மாசமா இருக்கியான்னு கேப்பாரு, அவரே வளைகாப்பும் வச்சுடுவாரு.”

சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் ஒருத்திக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். பொய்யை ஊக்குவிக்கிறேனா என்ற கேள்வி எனக்குள் எழாமலில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல ஒரு வழியை விட்டுவைத்தவனுக்குத்தான் பொய்யைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு என்று அப்போதே எண்ணினேன்; இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாத ஒருத்தி இருந்தாள். காலர் தைப்பவள். வந்தவாசிப் பக்கத்துக்காரி, ஈஜிபுராவில் ஓர் அறை வீட்டில் கணவனோடும் பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்களோடும் குடியிருந்தாள். கணவன் கொத்து வேலைக்குப் போகும் நாளைவிடப் போகாத நாள் அதிகம். சட்டையில் காலர்தான் கடினம். இரு முனையும் ஒன்றுபோல் அமைய வேண்டும். அந்தக் கை அவளுக்கு வாய்த்திருந்தது. வயிற்று வலி வந்தால் வயிற்று வலி என்றே சொல்வாள். அனுமதி இல்லை என்பார்கள். உட்கார்ந்து தைப்பாள். “இல்லாத நோவ எதுக்குச் சொல்லணும்” என்பாள். அவள் அத்தனை நாளில் ஒரு முறைகூடத் தலை சுற்றுகிறது என்று சொல்லி என் அறைக்கு வந்ததில்லை.

ஒரு நாள் முற்பகல் நான் அவளுடைய லைன் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். தைக்க வேண்டிய காலர்த் துண்டுகள் அவளுக்கு இடப்பக்கம், தரையில் ஒரு பிளாஸ்டிக் க்ரேட்டில் இருக்கும். குனிந்து, கழுத்தைத் திருப்பி, துண்டுக் கட்டு ஒன்றை எடுத்து நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் கட்டு கையிலிருந்து விழுந்தது. இரண்டு கையாலும் இயந்திர மேசையைக் கப்பல் கைப்பிடியைப் போலப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறவில்லை. மயக்கமுற்றவர்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். இது வேறாக இருந்தது. விழித்துக்கொண்டே பயந்த முகம்.

“மேடம், ட்யூப்லைட்டெல்லாம் ஓடுது” என்றாள்.

“என்ன ஓடுது?”

“எல்லாம். செவுரு, மெஷினு, நீங்க. என்னைப் புடிங்க மேடம்.”

பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பிடி தளர்ந்தது. நின்றுவிட்டது என்றாள். அதற்குள் ஃப்ளோர் சார் வந்துவிட்டார்.

“ஓ, உனக்கும் வந்துடுச்சா? வா, நட.”

அவள் எழுந்து மஞ்சள் கோட்டில் நடந்தாள். காலர் தைக்கும் கை எவ்வளவு நேரோ அவ்வளவு நேரான நடை.

“இன்னாம்மா, பரேடு மாதிரி நடக்குற? இதுக்குப் பேரு தலைசுத்தா?”

“அப்ப சுத்துச்சு சார். இப்ப இல்ல.”

“என்னைப் பாத்ததும் பயந்து நின்னுடுச்சா?”

லைன் சிரித்தது. அவளுடைய காது மடல் சிவந்ததை நான் கண்டேன். போய் உட்கார்ந்து, விழுந்த கட்டைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குனிய அஞ்சினாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது திமிராகத் தெரிந்தது.

அதன் பிறகு அது அடிக்கடி வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வந்து சேர்வதற்குள் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் அவள் நேராக நடந்தாள். நடிக்கத் தெரிந்தவர்கள் கோட்டை விட்டு அழகாகச் சரிந்து என் கட்டிலுக்கு வந்தார்கள். உலகமே சுழலக் கண்டவளைப் பொய்க்காரி என்று முத்திரை குத்தி இயந்திரத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சட்டைகள் எண்ணிக்கையில் குறைந்த கோபத்தில், அவர் தீர்ப்புச் சொன்னார்: திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் காலர் இல்லை, கிடங்கில் வேலை. கிடங்கில் துணிச் சுருள்கள் மேல்தட்டில் இருக்கும். இரும்பு ஏணியில் ஏறி, அண்ணாந்து பார்த்து, சுருளை இழுத்துக் கீழே நிற்பவனிடம் தள்ள வேண்டும். மறுத்தால் வேலையை விட்டுப் போகலாம்.

“குனிஞ்சா சுத்துதுன்றா இல்ல? மேல குனியுற வேலையே இல்ல. நிமிர்ற வேலைதான்” என்று சொல்லிவிட்டு, தன் பேச்சைத் தானே ரசித்துக்கொண்டார்.

“விழுந்தா என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“எங்கப்பா கூண்டுல ஏறி பூமிக்கடியில போனவரு மேடம். ஒரு நாள் தலை சுத்துதுன்னு வீட்டுல படுத்து நான் பாத்ததில்ல. சும்னே படுத்துப் பழகிட்டாளுங்க. எல்லாம் நக்ரா, நடிப்பு.”

சனிக்கிழமை அவளுக்கு விடுப்பு வாங்கி, அரசு மருத்துவமனை ஒன்றின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். வரிசை நீளமாக இருந்தது. மருத்துவர் இளைஞர், நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லாதவரைப் போலிருந்தார். ஆனால் அதுவரை எவரும் அவளிடம் கேட்காத ஒரு கேள்வியைக் கன்னடத்தில் கேட்டார்.

“தலெ சுத்துத்தா, இல்லா கண்ணு கத்தலெ பருத்தா?”

சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா. தொழிற்சாலை முழுவதும் ஒன்றாகக் குழைத்து வைத்திருந்ததை அவர் மூச்சு விடும் நேரத்தில் இரண்டாகப் பிரித்துவிட்டார்.

“சுத்துது சார். இருட்டல. இருட்டுனா பரவால்ல, கண்ண மூடிக்குவேன்” என்றாள் அவள்.

அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை இடப்பக்கம் திருப்பி, திடீரென்று மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைக் கட்டிலின் விளிம்புக்குக் கீழே தாழ்த்தினார். அவள் அலறி அவருடைய சட்டையைப் பற்றிக்கொண்டாள். “கண்ணைத் திறந்தே வைங்க” என்று சொல்லிவிட்டு, என்னைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார். அவளுடைய கருவிழிகள் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் மெல்ல நழுவுவதும் வெடுக்கென்று திரும்புவதுமாக, தானாக, யாராலும் நடிக்க முடியாதபடி. சற்றுப் பொறுத்து அடங்கின.

காதின் உள்ளே மணல்போன்ற நுண்ணிய துகள்கள் தம் இடத்தைவிட்டு நழுவியிருக்கின்றன, தலை சாயும்போது அவை உருள்வதால்தான் உலகம் சுற்றுகிறது, உருண்டு நின்றதும் சுற்றலும் நின்றுவிடும் என்று எனக்கு விளக்கினார். அதனால்தான் அவளால் நேராக நடக்க முடிகிறது. தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகள்களை மீண்டும் இடம்சேர்க்கும் முறையைச் செய்தார். ஒரு தடவையில் போகாமலும் இருக்கலாம், மறுபடி வாருங்கள், ஏணி கீணி ஏறவே கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“கண்ணு ஆடுச்சா மேடம்? நீங்களே பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அப்ப நான் பொய் சொல்லல.”

“நீங்க பொய் சொல்லலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

“எனக்குத்தான் மேடம் சந்தேகம் வந்துடுச்சு. எல்லாரும் சிரிக்கிறப்ப, ஒருவேளை நாமதான் வேலைக்குச் சலிச்சுக்கிட்டு இப்படி நெனச்சுக்கிறமோன்னு.”

ஒரு மனுஷியைத் தன் சொந்த உடம்பையே சந்தேகிக்க வைத்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குள் எழுந்தது இரக்கம் என்று எழுதினால் அழகாக இருக்கும். எழுந்தது வெறுப்பு.

திங்கட்கிழமை காலை, தொழிற்சாலை வாயிலில் ஓவர்லாக் பெண் என்னை மறித்தாள். காலர் தைப்பவள் அவளருகே நின்றாள்.

“கண்ண பாத்தே கண்டுபுடிக்கலாமாமே மேடம். அக்கா சொல்லுச்சு. அத சார்கிட்ட சொல்லப் போறீங்களா?”

“சொன்னாத்தானே இவங்களை நம்புவார்.”

“இவங்கள நம்புவாரு. எங்கள? படுக்கவச்சு ஒவ்வொருத்தி கண்ணுலயும் டார்ச் அடிப்பாரு. ஆடலன்னா எழுந்து போன்னுவாரு. எனக்கு மாசத்துல அந்த ரெண்டு நாள் உங்க கட்டில் இல்லன்னா நான் எங்க போய் படுக்குறது? மெஷின் மேலயா?”

அவள் சொன்னதில் தவறில்லை. உண்மையான தலைசுற்றலை எப்படி அறிவது என்று அவருக்குக் காட்டினால் ஒருத்தி பிழைப்பாள். அந்தத் தேய்ந்த சொல்லின் நிழலில் சற்று நேரம் படுத்து எழும் மற்ற அனைவருக்கும் கதவு சாத்தப்படும். காட்டாவிட்டால் ஒருத்தி ஏணியில் ஏறுவாள். சொல்லை அதன் சரியான பொருளில் நிறுத்துவது நல்லது என்றுதான் படித்தவர்கள் நினைப்போம். அதைச் சரியாக நிறுத்தினால் யார்மீது விழும் என்று கல்லூரியில் எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

“அக்கா, நீ நான் சொல்றபடி கோட்டுல நட. அவ்ளோதான் மேட்டரு” என்றாள் ஓவர்லாக் பெண்.

காலர் தைப்பவள் அவளை முறைத்தாள். “எனக்கு நெஜமா இருக்குற நோவுக்கு நான் எதுக்குடி நடிக்கணும்?”

“நெஜத்த வச்சு இன்னா கிழிச்ச? பொய்க்காரின்னு பேரு வாங்கின.”

“சும்மா இருடி.”

“நான் சும்மா இருக்கேன். நீ ஏணி மேல இரு.”

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மருத்துவரின் சீட்டை மட்டும் கொடுப்பேன். கண்ணைப் பற்றி வாய்திறக்க மாட்டேன். சீட்டு போதவில்லையென்றால் பிறகு பார்ப்போம்.

போதவில்லை. ஃப்ளோர் சார் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“வெர்ட்டிகோ. இது எனக்குத் தெரியும் மேடம். உயரத்துல ஏறுனா பயப்படுறதுதானே? டிவியில காட்டுனான். பயத்துக்கெல்லாம் சீட்டு எழுதுறாங்களா இப்போ?”

“உயரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது தலைசுற்றல். காதுல வர்ற நோய்.”

“தலையில சுத்துறது காதுல வருதா? பயம் மேடம். ஏற ஏற போயிடும்.”

சீட்டை மடித்து என்னிடமே நீட்டினார். நோயைப் பயம் என்று பெயர்மாற்றிவிட்டால் அது அவளுடைய குற்றமாகிவிடும். அவருடைய பொறுப்பு தீர்ந்துவிடும். சீட்டை நான் வாங்கவில்லை. அவள் விழுந்தால் சட்டை வாங்குபவர்களிடம் நானே போய், மருத்துவர் தடுத்தும் ஏற்றியவர் இவர் என்று சொல்வேன் என்றேன். அவர் முகத்தில் அதுவரை இருந்த கேலி போய், அதன் கீழே இருந்த வெறும் பகை தெரிந்தது.

“மெரட்டுறீங்களா?”

“தகவல் சொல்றேன்.”

“சரி. எல்லாருக்கும் ஒரே ரூல். கோட்டுல நடக்கட்டும். நேரா நடந்தா ஏணி. அப்புறம் நீங்க யார்கிட்ட வேணா போங்க.”

தளத்தில் அவளைக் கூப்பிட்டார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவரும் அதட்டவில்லை, எல்லோரும் பார்க்க வேண்டுமென்று விரும்பினார். கோட்டின் மறுமுனையில் கிடங்கின் கதவும், அதற்குள்ளே ஏணியின் கீழ்ப் படிகளும் தெரிந்தன. அவள் கோட்டின் தொடக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, ஓவர்லாக் பெண்ணையும் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

முதலில் நேராகத்தான் நடந்தாள். அவருடைய உதட்டில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் அவளுடைய கால் கோட்டை விட்டு விலகியது. கை காற்றில் சுவரைத் தேடியது. கண் பாதி மூடியது. இன்னும் சற்று நடந்து, ஒரு மேசையின் விளிம்பைப் பற்றி, மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அருமையான நடிப்பு. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மேடம். இது நெஜமா?”

“நிஜம்” என்றேன். அந்தத் தளத்தில் அன்று நான் சொன்ன சொற்களில் அதைவிட உண்மையானது வேறில்லை.

“ம். இப்பதான் கரெக்ட்டா இருக்கு” என்றார். பிறகு வரிசைகளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “எல்லாரும் பாத்துக்கங்க. நெஜத் தலைசுத்துன்னா இப்படித்தான் இருக்கும். சும்னே வந்து என்கிட்ட ஆடிக் காட்டாதீங்க.”

ஓவர்லாக் பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், சிரிப்பை அடக்கியதில் தோள்கள் குலுங்கின.

ஏணிக்கு வேறு ஆளை அனுப்பினார்கள்; அவள் காலருக்கே திரும்பினாள். பின்னால் நான் அவளுடைய க்ரேட்டை மேசை மட்டத்துக்கு ஒரு பலகைமேல் ஏற்றி வைத்தேன். இன்னும் சில முறை மருத்துவமனைக்குச் சென்றதில் அந்த நோயும் அகன்றது. மஞ்சள் கோட்டுச் சோதனை அப்படியே இருந்தது. கழிப்பறை டோக்கனும் ஒன்றுக்கு இரண்டாகவில்லை. அதற்காக எழுந்த சண்டையில்தான் நான் அந்த வேலையை விட்டேன். அது வேறு கதை.

அன்று அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து சிக் ரூம் கதவைச் சாத்தினேன். அவள் முகத்தில் வெற்றியில்லை. நான் அதுவரை பார்த்திராத ஒரு கடுமை இருந்தது. “நேரா நடந்தப்ப ஒருத்தனும் நம்பல” என்று மட்டும் சொன்னாள். முந்தானையை உதறிவிட்டு, கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள்.

படுத்ததும் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். குனிந்து பார்த்தேன். கருவிழிகள் நழுவி நழுவித் துடித்துக்கொண்டிருந்தன. அவள் தலையை என் கைகளுக்குள் அசையாமல் பிடித்துக்கொண்டேன். வெளியே அவர் யாரையோ அதட்டிக்கொண்டு தளத்தின் கோடிக்கு நகர்வது கேட்டது.

“போயிட்டாரா மேடம்?”

“போயிட்டார்.”

“இப்பதான் சுத்துது” என்றாள்.